புரி போதாத குழல்

மண்ணெண்ணெய்த் தகரத்தில் விழுந்திருந்த ஓட்டை வட்டமாக இல்லை. ஒன்றேகால் அங்குலத்துக்கு நீண்டு கிடந்தது. ஒரு முனை கூர், மறுமுனை சப்பை. ஒரு துப்பாக்கிக் குண்டைத் தகரத்தின்மேல் படுக்கவைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கோட்டோடு வெட்டி எடுத்ததுபோல இருந்தது. நான் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். இந்தக் குண்டு மூக்கை நீட்டிக்கொண்டு வரவில்லை. விலாவைக் காட்டிக்கொண்டு வந்து மோதியிருக்கிறது.

எண்பது கஜத்துக்கு அப்பால் கடலைக்காட்டு வரப்பின்மேல் நின்றிருந்த சித்தப்பா, கையை வாயருகே குவித்துக் கேட்டார்.

“பட்டுதா கண்ணு?”

“பட்டுதுங்க!”

“எங்க?”

“மேக்கால ஓரத்திலீங்க! ஆனா சித்தப்பா, இந்த ஓட்டையப் பாருங்க, இது வந்து...”

ஓரம் என்ற சொல்லுக்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நடுவில் சுண்ணாம்பால் நான் வைத்திருந்த பொட்டைக் குறிவைத்துத்தான் சுட்டார். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் தகரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். சுற்றுக் குறைந்த பம்பரம் முதலில் தலையை ஆட்டும், ஆட்டம் பெருக்கும், கடைசியில் விலா தரையில் பட உருண்டு போகும். இந்தக் குண்டுக்கும் அதுதான் நடந்திருக்கிறது, அதற்குச் சுற்றுப் போதவில்லை என்று ஓடும்போதே எனக்குத் தோன்றிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், முன்னால் போகிற மனிதர் எப்படி நடந்துபோகிறார் என்பதை நான் கவனிக்கவில்லை.

அது ஆனி மாதத் தொடக்கம். பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். வேலைக்கு எழுதிப்போட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை. சும்மா இருக்கிற கை எனக்கு இல்லை. சித்தியின் அலாரக் கடிகாரத்தைக் கழற்றி மாட்டியதில் ஒரு பல்சக்கரம் மிஞ்சிவிட்டது. கடிகாரம் என்னவோ ஓடத்தான் செய்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் என் படிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால், சித்தி எழுந்துபோய் மாடத்திலிருந்து அந்தச் சக்கரத்தை எடுத்து வந்து காட்டுவாள். அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். சித்தப்பா வீடுதான் எனக்கு வீடு.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே மலையை ஒட்டி இருக்கிறது. கடலைச்செடி பூத்து விழுது மண்ணுக்குள் இறங்கும் சமயத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். ஒரு கூட்டம் புகுந்து போனால் காடு உழுது போட்டதுபோல ஆகிவிடும். பொடிக் குண்டுகளைச் சிதறவிடும் ரவைத் துப்பாக்கி ஊரில் இரண்டு மூன்று பேரிடம் உண்டு. ஒற்றைக் குண்டு சுடும் ரைபிள் சித்தப்பாவிடம் மட்டும்தான். மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு வருஷா வருஷம் வண்டிக்காளை கொண்டுபோய்க் கொடுத்து வந்தவர் அவர். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை சொந்த நாட்டுக்குக் கிளம்பியபோது, முறைப்படி எழுதிக்கொடுத்து விற்றுவிட்டுப் போன துப்பாக்கி அது. கூடவே சில பெட்டித் தோட்டாவும் வந்தது. அந்தத் தோட்டா தீரும்வரை சித்தப்பா வைத்த குறி தப்பியதில்லை.

எங்கள் ஊரில் பன்றிக் காவலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆவணி அமாவாசையன்று கருப்பராயன் கோயில் வேம்பில் ஒரு தேங்காயைக் கட்டித் தொங்கவிடுவார்கள். எண்பது கஜத்தில் நின்று சுட வேண்டும். மூன்று வெடிதான். தேங்காயை உடைத்தவருக்கு அந்த வருஷக் காவல். அவர் பரண் போடச் சொல்லும் இடத்தில் ஊர் பரண் போட்டுத் தரும். மூன்றும் தப்பினால் துப்பாக்கியைச் சாமி முன்னால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்; அடுத்து யார் சுடுகிறாரோ அவருக்கு. சித்தப்பா நாலு வருஷமாக முதல் வெடியிலேயே உடைத்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு இருந்த பேர், பெருமை எல்லாம் அந்த ஒரு தேங்காய்தான்.

போன அறுவடைக்கு முன்னால் பழைய தோட்டா தீர்ந்தது. கோயமுத்தூர்க் கடையில் அதே துப்பாக்கிக்குப் புதுத் தோட்டா வாங்கி வந்தார். அதிலிருந்து தப்ப ஆரம்பித்தது. இரண்டு பன்றிகள் முழுசாகத் தப்பின. ஒன்று அடிபட்டு ஓடி ஒரு வாரம் கழித்து ஓடையில் செத்துக் கிடந்தது. அதற்காகச் சித்தப்பா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அவருக்குக் கண் போய்விட்டது, கை நடுங்குகிறது என்று ஊர் சொல்லியது. அதை முதலில் நம்பியவர் சித்தப்பாதான். காலையில் பல் துலக்கிவிட்டு வரும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வாய்க்காலுக்கு அப்பாலிருக்கும் ஒற்றைப் பனையின் மட்டைகளை எண்ணுவார். பிறகு மறு கண். யாரும் இல்லை என்று நினைத்தால், டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கையை நீட்டிப் பிடித்து, தண்ணீர் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

கை ஆடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அவருக்கு எப்படிக் காட்டுவது?

மறுநாளே அளக்க உட்கார்ந்தேன். குழலுக்குள் வரிகள் ஓடுகின்றன, திருகாணியின் மரைபோல. அதைப் புரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் புரிதான் போகிற குண்டைச் சுழற்றிவிடுகிறது. எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பதைப் பொறுத்துத்தான் குண்டின் சுழற்சி. குழல் துடைக்கும் பித்தளைக் கம்பி வீட்டில் இருந்தது. அதன் கைப்பிடிக்குள் கம்பி தாராளமாகச் சுழலும். நுனியில் துணியை இறுக்கமாகச் சுற்றி, கம்பியின் மேல்பக்கத்தில் சித்தியின் சாந்தை எடுத்து ஒரு பொட்டு வைத்து, மெதுவாகக் குழலுக்குள் தள்ளினேன். துணி வரியைப் பிடித்துக்கொண்டது. பொட்டு மெல்லச் சாய்ந்து, கீழே போய், மறுபுறமாக ஏறி, திரும்ப மேலே வந்து நின்றது. அதற்குள் கம்பி பதினாறு அங்குலம் உள்ளே போயிருந்தது. ஏழு தடவை செய்து பார்த்தேன். ஏழு தடவையும் பதினாறுதான்.

“என்ற சாந்து டப்பாவை எங்கடா காணம்?” என்று சித்தி உள்ளிருந்து கத்தினாள்.

“ஆராய்ச்சிக்கு எடுத்தனுங்க சித்தி!”

“கடியாரத்துக்குப் பொட்டு வெக்கறியா?”

அடுத்தது குண்டு. பழைய தோட்டா இருந்த காலத்தில் சித்தப்பா குறி பார்க்கச் சுட்ட புளியமரத்து வேரைக் கொத்தி ஒரு பழைய குண்டை எடுத்தேன். கடலைக்காட்டு மணல் கரையிலிருந்து ஒரு புதுக் குண்டை எடுத்தேன். பழையது நசுங்கியிருந்ததால் நீளத்தை அளக்க முடியவில்லை; இரண்டையும் தட்டாரிடம் கொண்டுபோய்ப் பொன் நிறுக்கும் தராசில் போடச் சொன்னேன். புதுசு பழையதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கனம். குழல் ஒன்றேதான், அதனால் குண்டின் பருமனும் ஒன்றேதான். கனம் கூடினால் நீளம் கூடித்தானே ஆக வேண்டும்? கல்லூரி நூலகத்தில் நான் படித்த ஒரு புத்தகத்தில், சுழலும் பொருள்கள் பற்றிய பாடத்தின் கடைசியில் துப்பாக்கியைப் பற்றி இரண்டு பத்திகள் இருந்தன. நீளமான குண்டு நேராக நிற்க நெருக்கமான புரி வேண்டும்; குட்டையான குண்டுக்கு அகலமான புரியே போதும் என்றது முதல் பத்தி. துரையின் குழல் குட்டைக் குண்டுக்கென்றே புரி வெட்டிய குழல். அதில் நாங்கள் நீளக் குண்டைப் போட்டுச் சுட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது பத்தி அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இதை நான் வீட்டில் சொன்ன நாளில் மாமாவும் வந்திருந்தார். சித்தியின் அண்ணன். கிழக்குத் தோட்டத்துக்காரர். ரவைத் துப்பாக்கி வைத்திருப்பவர். சித்தப்பாவுக்கு அடுத்து தேங்காய்க்கு நிற்பவரும் அவர்தான். சித்தப்பாவைச் சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

“குழலுக்குள்ள புரி பத்தலீங்க மாமா. குண்டு சுத்தறது பத்தாம வழியிலயே சாஞ்சு போகுதுங்க” என்றேன்.

“சுத்தறதுக்கும் நேராப் போறதுக்கும் என்ன மாப்ளே சம்பந்தம்?”

“பம்பரம் சுத்தற வரைக்கும் நிக்குதுங்களே.”

“அடேங்கப்பா. பம்பரம் உட்டுத்தான் டிகிரி பாஸ் பண்ணுனயா?” மாமா சித்தப்பா பக்கம் திரும்பினார். “ஏனுங் மச்சான், கேட்டீங்களா? உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குதாமா. குண்டுக்குத்தான் கிறுகிறுப்பாமா.”

சித்தி சிரித்துவிட்டாள். பிறகு சித்தப்பா முகத்தைப் பார்த்து மோரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சித்தப்பா இலையைப் பார்த்தபடி கேட்டார்.

“தோட்டா உள்ள போகுது. வெடிக்குது. அப்புறம் என்ன கண்ணு? வெள்ளைக்காரன் குழலுக்கு வெள்ளைக்காரன் தோட்டா. இதுல என்ன கொறை?”

“ஒண்ணு பண்ணலாமுங்க சித்தப்பா. துப்பாக்கியை ஒரு மரக்கட்டைல வெச்சு அசையாமக் கட்டிப்போட்டுச் சுடுவோம். அப்பக் கையுங் கெடையாது, கண்ணுங் கெடையாது. அப்பவும் குண்டு குறுக்க போச்சுன்னா...”

“துப்பாக்கியைக் கட்டிப்போட்டுச் சுடறதுக்கு நான் எதுக்கு?” என்றார் சித்தப்பா. குரலை உயர்த்தவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவருக்கு அவமானமாகிவிட்டது என்று நினைத்தேன். காரணம் அது இல்லை என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

கோயமுத்தூருக்குப் போய்க் கடைக்காரரிடம் குட்டைக் குண்டுத் தோட்டா கேட்டேன். வெளிநாட்டுச் சரக்கே வருவதில்லை, பழைய இருப்பில் இந்த ஒரு வகைதான் மிச்சம் என்றார். “துப்பாக்கில சேருதில்லீங்க? வெடிக்குதில்லீங்க?” என்று அவரும் கேட்டார். வேறு குழல் மாற்றுவது பற்றி விசாரித்தேன். லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கிற குழலை மாற்ற ஒரு அபேட்சை எழுத வேண்டும். எங்கள் தாலுகா சென்னை ராஜ்யத்திலிருந்து கேரளத்துக்குப் போய் அதிக நாள் ஆகவில்லை. எந்த மேஜைக்கு எந்த மொழியில் எழுதுவது என்று தாலுகா கச்சேரியில் இருந்தவர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. கடைசியாக, துரை இருந்த பங்களாவின் சமையல்காரருக்கு ஒரு கடிதம் போட்டேன். அவரைச் சித்தப்பா நன்றாக அறிவார். பழைய தோட்டா ஏதாவது அங்கே மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டிருந்தேன். ஆடி முழுக்கப் பதில் இல்லை. மலையில் மழை, பாதை சரிந்து கிடக்கிறது என்றார்கள்.

ஆவணி பிறந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. குண்டு நீளமாக இருப்பதுதானே நோய்? நீளத்தைக் குறைத்துவிட்டால் என்ன? எங்கள் பக்கத்தில் பன்றி சுடுகிறவர்கள் குண்டின் மூக்கை அரத்தால் அராவுகிற பழக்கம் உண்டு. உடம்புக்குள் போய் விரிந்து ஒரே அடியில் சாய்க்கும் என்பார்கள். சித்தப்பா அதைச் செய்ததில்லை, ஆனால் கேள்விப்படாததும் இல்லை. அதனால் நான் சொன்னபோது அவருக்கு அது புதுக்கிறுக்காகத் தெரியவில்லை.

“மூக்கைக் கொறைச்சா நேராப் போகுமா?”

“போகோணுமுங்க. கணக்குப்படி போகோணும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. பழைய தோட்டா தீர்ந்ததிலிருந்து யாரும் அவருக்கு அதைக் கொடுக்கவில்லை. மூன்று குண்டுகளை எடுத்துக் கால் அங்குலத்துக்கு மூக்கை அராவிக் கொடுத்தேன். செம்புத் தோல் போய் உள்ளிருந்த ஈயம் பளபளவென்று தெரிந்தது.

பகல் மூன்று மணி இருக்கும். முதல் வெடி. ஓடிப்போய்ப் பார்த்தேன். தகரத்தில் ஓட்டையே இல்லை. நடுவைச் சுற்றி மிளகு தூவியதுபோல நூறு பொத்தல்கள்.

“என்றா இது, மாமன் துப்பாக்கியாட்ட?” நான் கத்திச் சொன்னதைக் கேட்டுச் சித்தப்பா வரப்பில் நின்றபடி கேட்டார்.

“ஆனா நடுவுலதானுங்க! எல்லாம் நடுவைச் சுத்தித்தானுங்க இருக்குது! இன்னொண்ணு சுடுங்க!”

குண்டு காற்றிலேயே சிதறியிருக்கிறது. அதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனாலும் நடுவில் விழுந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தேன். இன்னொன்று சுடுங்கள் என்று சொன்னவன் நான்தான்.

இரண்டாவது வெடி சத்தம் சரியாக இல்லை. அடைத்த தொண்டையில் இருமியதுபோல இருந்தது. தகரத்தில் ஒரே ஒரு நசுங்கல்.

“மூணாவதைப் போடுங்க சித்தப்பா. இந்தத் தடவை...”

அவர் போடவில்லை. காலித் தோட்டாவை வெளியே தள்ளினார். குழலின் பின்வாயை அடைக்கும் பின்கட்டையை உருவி எடுத்துவிட்டு, குழலை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையசைத்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குழலை நீட்டினார்.

குழல் வழியாகப் பார்த்தால் வட்டமாக வானம் தெரிய வேண்டும். பாதி வழியில் செம்பு நிறத்தில் ஒரு வளையம் உட்கார்ந்திருந்தது. அதற்குள் வானம் குன்றிமணி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

“என்ன தெரியுது கண்ணு?”

“தோலுங்க. குண்டோட தோலு. ஈயம் மட்டும் முன்னால போயிருச்சு, தோலு உள்ளயே நின்னுருச்சுங்க.”

“மூணாவதைப் போட்டிருந்தா?”

நான் குழலைக் கண்ணிலிருந்து இறக்கினேன். அடுத்த குண்டு போக வழியில்லாமல் குழல் வெடித்திருக்கும். அவர் கன்னம் பதிகிற இடத்துக்கு ஒரு முழம் முன்னால்.

இரண்டாவது பத்தி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அளவுக்கு மீறிச் சுழன்றால் மெல்லிய தோல் கொண்ட குண்டு தன்னையே கிழித்துக்கொள்ளும் என்று அதில் இருந்தது. நனைந்த குடையை வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் சிதறி ஓடுகிறதே, அதுபோல. குழலை விட்டுக் கிளம்பும் குண்டு நொடிக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ஈயத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் செம்புத் தோல் ஒன்றுதான். அடிப்பக்கம் ஏற்கெனவே திறப்பு. நான் மேல்பக்கத்தையும் அராவித் திறந்துவிட்டேன். நீளக் குண்டு நிற்கப் போதாத அதே சுழற்சி, தோல் அறுந்த குண்டைச் சிதறடிக்கப் போதுமானதாக இருந்தது. இரண்டாவது வெடியில், பின்னாலிருந்து மருந்து தள்ளிய வேகம் ஈயத்தை மட்டும் பிதுக்கித் தள்ளிவிட்டது.

சித்தப்பா எண்ணெய் விட்டு ஊறவைத்து, அதே பித்தளைக் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, இரண்டு நாளில் அந்தத் தோலை வெளியே எடுத்தார். குழலுக்குச் சேதமில்லை. என்ன ஆயிற்று என்று சித்தி கேட்டதற்கு, “அழுக்கு அடைச்சிருச்சு” என்றார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு சுட்டுப் பார்க்கப் போகும்போது என்னைக் கூப்பிடவும் இல்லை.

ஆவணி அமாவாசை வந்தது. கோயில் வேம்பில் தேங்காய் மஞ்சள் பூசித் தொங்கியது. அதற்குப் பின்னால் குண்டு ஏறிப் போகாமலிருக்க மண்கரை. ஊர் முழுக்க ஒரு பக்கமாக நின்றது. மூக்கு அராவாத முழுக் குண்டுத் தோட்டா மூன்று. தெரிந்தே அவரை அந்த இடத்தில் போய் நிற்கவிட்டு, நான் கூட்டத்தில் ஒருவனாக நின்றேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று இன்றுவரை யோசிக்கிறேன். கையைப் பிடித்து இழுத்திருக்கலாமா? சாமி முன்னால் துப்பாக்கியைத் தொட்டவர் சுடாமல் திரும்பினால் மூன்றும் தப்பியதாகவே கணக்கு.

முதல் வெடி. தேங்காய்க்கு ஒரு முழம் இடது புறம் மண்கரை புகைந்தது. கூட்டம் அசையவில்லை. இரண்டாவது, கீழே. மாமா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து நான் திரும்பிப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேலி செய்திருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

சித்தப்பா மூன்றாவது தோட்டாவை எடுத்தார். கையில் உருட்டினார். பிறகு பூசாரியைப் பார்த்துச் சொன்னார்.

“மூணாவதை நிறுத்தி வெக்கறனுங்க.”

அப்படி ஒரு வழி உண்டு. ஒரு வெடியை அடுத்த அமாவாசைக்கு நிறுத்திவைக்கலாம். அதுவரை குழல் வாயில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். ஊர் எல்லைக்குள் அந்தத் துப்பாக்கி வெடிக்கக் கூடாது. காவலை அடுத்தவர் பார்ப்பார்; நிறுத்திய வெடியில் தேங்காய் உடைந்தால் காவல் திரும்பி வரும். எனக்குத் தெரிந்து யாரும் அந்த வழியைக் கேட்டதில்லை. பூசாரிக்கே துணி தேட வேண்டியிருந்தது.

கூட்டம் கலைந்ததும் நான் மண்கரையைக் கையால் கிளறினேன். இரண்டாவது குண்டு கிடைத்தது. மூக்கில் ஒரு கீறல் இல்லை, கூர் அப்படியே இருந்தது. ஒரு பக்க விலா மட்டும் தட்டையாக நசுங்கியிருந்தது. மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குறுக்க படுத்துட்டே வந்திருக்குது” என்றார்.

“அதத்தானுங்க மாமா ரெண்டு மாசமாச் சொல்லீட்டிருக்கறேன்.”

“எனக்கு இப்பப் புரியுது மாப்ளே. ஊருக்கு ஆரு சொல்றது? நான் சொன்னா, காவலை வாங்கீட்டு நடிக்கறாம்பாங்க. நீ சொன்னா...” அவர் முடிக்கவில்லை. கடிகாரத்துப் பல்சக்கரம் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

சித்தப்பாவிடம் காட்ட எனக்குத் தைரியம் வர மூன்று நாள் ஆயிற்று. கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். குண்டை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்ப என் கையில் வைத்தார்.

“கட்டிப்போட்டுச் சுடலாமுன்னு சொன்னியே கண்ணு.”

“ஆமாங்க.”

“சுட்டு, அது நேராப் போச்சுன்னா?”

“போகாதுங்க சித்தப்பா.”

“போச்சுன்னா? அப்ப என்ற கைதான்னு ஆயிருமில்ல. இப்பவாச்சும் பாதிப் பழியத் துப்பாக்கி மேல போட்டுட்டு நடமாடறேன்.” மாட்டின் கழுத்தைத் தட்டினார். “அதையும் புடுங்கீட்டா, அப்புறம் நான் எதைப் புடிச்சுட்டு நிக்கறது?”

நான் குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாட்டுத் தொட்டிக்கு இன்னொரு வாளி தண்ணீர் இறைத்து ஊற்றினேன்.

நேற்று மூணாற்றுக் கடிதம் வந்தது. மழையில் நனைந்து மை பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது. சமையல்காரர் தெற்கத்திக்காரர், பேசுவதுபோலவே எழுதியிருந்தார்.

“பழைய துரை விட்டுட்டுப் போன பெட்டி ஒண்ணு அலமாரியில கெடக்கு. மூடி நமுத்துப் போயி ஒட்டிக்கிட்டிருக்கு. உள்ள எப்படி இருக்கோ, நான் அதைத் தொடுறதில்ல. ஒங்க சித்தப்பாவை லைசென்ஸ் பொஸ்தகத்தோட நேர்ல வரச் சொல்லுங்க. புதுத் துரை நம்ம பக்கத்து ஆளுதான், பாத்துக் குடுக்கேன்னாக. பங்களாவுக்குப் பொறத்தால பழைய துரை சுட்டுப் பழகுன கல்லுச் சுவரும் அப்படியேதான் இருக்கு. அங்க சுட்டுப் பாக்கவும் தடை இல்லேன்னாக.”

சோற்றுக்கு உட்கார்ந்தபோது அதைச் சத்தமாகப் படித்தேன். மூணாறு எங்கள் ஊர் எல்லைக்குள் இல்லை. மஞ்சள் துணியை அங்கே அவிழ்க்கலாம். அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள். அத்தனை வருஷம் மலைப்பனியில் கிடந்த மருந்து வெடிக்குமா என்று எனக்குத் தெரியாது. வெடிக்காவிட்டால் அதற்கு அப்பால் என்னிடம் ஒரு யோசனையும் இல்லை. அதையும் சொல்லிவிட்டேன்.

“எல்லை தாண்டிப் போய்ச் சுட்டா கருப்பராயன் கோவிச்சுக்க மாட்டாரா?” என்றார் சித்தப்பா.

“கருப்பராயனுக்கு உங்களைவிட வெவரம் ஜாஸ்தி” என்றாள் சித்தி. “போயிட்டு வாங்க. பொழுதுக்கும் டம்ளர்ல தண்ணியத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறதப் பாக்க என்னால ஆகலை.”

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. சித்தப்பா தலையைத் தூக்கவே இல்லை. சாப்பிட்டு முடித்து எழும்போதுதான், கம்பளி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

நாளை காலை முதல் பஸ். பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து மலை. கயிறு, இரண்டு மணல் மூட்டைக்குச் சாக்கு, பித்தளைக் கம்பி, சாந்து டப்பா எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பத்துத் தாளில் வட்டம் போட்டு எண் எழுதியிருக்கிறேன். துப்பாக்கியை மரக்கட்டையில் கட்டி, பழைய குட்டைத் தோட்டா ஐந்து, புது நீளத் தோட்டா ஐந்து. முதலில் பழையதைச் சுடுவதாகத்தான் ஒன்றிலிருந்து ஐந்துவரை எழுதியிருந்தேன். அது நேராகப் போனால் அவருக்குத் தெம்பாக இருக்கும் என்று ஒரு கணக்கு. சித்தப்பா இப்போதுதான் வந்து அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“மொதல்ல புதுச போடு” என்றார். “கட்டிப்போட்டு. குறுக்க போகுதா, நேராப் போகுதான்னு அத மொதல்ல பாத்துரலாம்.”

எண்களை அடித்துவிட்டு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.